அப்பா அம்மாவோட புதுப்படம்: "ஒண்ணும் புரியல"ன்னு சொன்னா எதைச் சரிபண்ணணும்?

வடக்குவீதி கேட்டது:

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. ஞாயிறு சாயங்காலம் ஒரு புதுப்படம்னு வீட்டில் வழக்கம். முக்கால்வாசி ஓடிடி, எப்போதாவது தியேட்டர். எதைப் போட்டாலும் தீர்ப்பு நாலு வரிக்குள்ள அடங்கிடுது: "என்ன பேசுறானுங்கன்னே தெரியல", "ஒரே இருட்டு", "சத்தம் மண்டையைப் பொளக்குது", "இன்னும் எவ்வளவு நேரம்?" கதை எப்படி, நடிப்பு எப்படின்னு ஒரு வார்த்தை வராது. ஆனா மத்தியானம் டிவியில் ஓடுற கறுப்பு வெள்ளைப் படத்துல மட்டும் ஒரு வசனம் விடாம காதில் விழுது.

இருக்கிற சாமான்: 43 அங்குல 4கே எல்இடி டிவி, எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியோட ஒலியைப் பாருக்குக் கொண்டுபோற கேபிள் இணைப்பு) வழியா 2.1 சவுண்ட்பார் (இடது, வலது ஸ்பீக்கர், தாழ்வான ஓசைக்கு ஒரு சப்வூஃபர்). ஹால் 12க்கு 14 அடி, தரை டைல்ஸ், தலைக்கு மேல ஃபேன். சோபா டிவியில் இருந்து 11 அடி. ரெண்டு பேரும் கண்ணாடி போடுவாங்க, காது மெஷின் கிடையாது.

பேச்சு புரியவும் இருட்டு தெளியவும் எந்த செட்டிங்கை மாத்தணும்? நடுவில் ரிமோட்டைத் தேடி ஓடவைக்காத படமா எப்படிப் பொறுக்குறது? முடிஞ்சதும் நிஜமான அபிப்பிராயத்தை எப்படி வாங்குறது? "நல்லாருந்துச்சா"ன்னு கேட்டா "ம்"தான் வருது.

ஒலிப்பெட்டி:

பழைய படம் கேக்குது, புதுப்படம் கேக்கலைன்னா பழியை முழுசா காது மேல போடாதீங்க. அந்தக் காலத்துப் படத்தோட ஒலி மோனோ. பேச்சும் இசையும் ஒரே இடத்துல இருந்து வரும். நாடக மேடையில் பழகின குரல்கள், வார்த்தையை முழுங்க மாட்டாங்க. ஒருத்தர் பேச ஆரம்பிச்சா வாத்தியம் அடங்கிடும். இப்போ நடிகர்கள் இயல்பா முணுமுணுக்குறாங்க, அதுக்குக் கீழ பின்னணி இசை ஓடிக்கிட்டே இருக்கு.

ரெண்டாவது காரணம் வயசு. வயசானா முதல்ல குறையுறது உச்ச அலைவரிசை. உயிரெழுத்து ஓசை தாழ்வான பகுதியில் இருக்கிறதால அது கேட்கும். ச, ஸ, ஷ, த், ட், க் மாதிரி மெய்யொலிகள்தான் மங்கும். அதனாலதான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல"ன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்தா அது முரண்பாடு இல்லை, துல்லியமான விவரம். வால்யூமைக் கூட்டினா மெய்யெழுத்து கொஞ்சம் மீளும், ஆனா அடுத்த சண்டைக் காட்சியில் காது கூசும். நெட்ஃப்ளிக்ஸ் தன் தயாரிப்புகளுக்கு வச்சிருக்கிற அளவுப்படி, டிஜிட்டல் ஒலியோட உச்சவரம்பை 0ன்னு வச்சா, வசனத்தோட சராசரி மைனஸ் 27, எந்தச் சத்தத்துக்கும் உச்சம் மைனஸ் 2. வசனத்துக்கும் வெடிக்கும் நடுவுல 25 டெசிபல் வரை இடைவெளி வரலாம். அது தியேட்டருக்கும் ஹெட்போனுக்கும் சரி, டைல்ஸ் போட்ட ஹாலுக்குச் சரிப்படாது.

இப்போ செட்டிங். 5.1 ஒலியில் (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்குக் கலந்தது) வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். உங்க பார் 2.1, அதுல நடு ஸ்பீக்கரே இல்லை. அதனால நடு சேனலை ரெண்டாப் பிரிச்சு, 3 டெசிபல் குறைச்சு, இடது வலதுல கலக்குறாங்க. அங்க ஏற்கெனவே இசையும் சூழல் சத்தமும் இருக்கு. இதைக் குறைக்க மூணு இடத்துல கை வைக்கணும். ஓடிடி ஆப்பில் படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறங்க. சில படங்களுக்குத் தமிழ்னு ஒரு வரி, தமிழ் 5.1ன்னு இன்னொரு வரி இருக்கும். 5.1 இல்லாததை எடுத்துக் கேட்டுப் பாருங்க. அது ரெண்டு ஸ்பீக்கருக்குன்னே கலந்தது. அடுத்தது பாரில் சரவுண்ட், விர்ச்சுவல், 3டி மாதிரி எது இருந்தாலும் அணைச்சிடுங்க, அந்த வித்தையெல்லாம் குரலைத்தான் முதல்ல கலைக்கும். வாய்ஸ் அல்லது க்ளியர் வாய்ஸ் மோடும் நைட் மோடும் போடுங்க. நைட் மோடுன்னா சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்குறது. ராத்திரிக்கு மட்டும்னு நினைச்சு யாரும் தொடுறதில்லை. மூணாவது சப்வூஃபர்: மைனஸ் 3ல வைங்க. தாழ்வான ஓசை கூடினா அது மேல இருக்கிற மெய்யெழுத்தை மூடிடும்.

டிவியில் டிஜிட்டல் ஒலி வெளியீடுன்னு ஒரு வரி இருக்கும். பிசிஎம், ஆட்டோ, பாஸ்த்ரூ இப்படி. பாஸ்த்ரூன்னா வந்த ஒலியை டிவி தொடாம அப்படியே பாருக்கு அனுப்பும். பிசிஎம்ல வச்சா ஏஆர்சி வழியா ரெண்டு சேனல்தான் போகும், கலக்குற வேலையை டிவியே செஞ்சிடும். சில பார்களில் நைட் மோடு டால்பி சிக்னல் வந்தாத்தான் வேலை செய்யும். அதனால பாஸ்த்ரூ போட்டு ஒரு பத்து நிமிஷம், பிசிஎம் போட்டு அதே பத்து நிமிஷம். எதுல பேச்சு தெளியுதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, அம்மாவைக் கேளுங்க. உங்க காது வேற.

செலவில்லாத வேலைதான் பெரிய பலன் தரும். சோபாவை 11 அடியில் இருந்து 7 அடிக்கு இழுத்தா பாரில் இருந்து நேரா வர்ற ஒலி கிட்டத்தட்ட 4 டெசிபல் கூடும், எதிரொலி அப்படியே இருக்கும். அதாவது பேச்சு எதிரொலியில் கரையாம முன்னுக்கு வரும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல ஒரு ஜமக்காளம் விரிங்க, டைல்ஸ்ல பட்டு எகிறுற முதல் எதிரொலி குறையும். ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. பாரை ஷோகேஸ் தட்டுக்குள்ள தள்ளி வைக்காதீங்க, அதோட முன்விளிம்பு தட்டின் விளிம்புக்கு வெளியே வரணும். ஃபேன் அஞ்சுல ஓடினா அதோட இரைச்சல் மெய்யெழுத்துகள் இருக்கிற பகுதியிலேயே போய் உக்காரும். மூணுல வைங்க.

கடைசியா, உதடும் ஒலியும் பொருந்துதான்னு பாருங்க. காது மங்கினவங்க தெரியாமலேயே உதட்டைப் படிப்பாங்க. செய்தி வாசிக்கிறவர் ப, ம வர்ற சொல்லைச் சொல்லும்போது கவனிங்க, உதடு ஒட்டித் திறக்கிற நொடியிலேயே ஒலி வரணும். பிந்தினா டிவியின் ஏவி சிங்க் அளவைச் சின்னச் சின்னதா மாத்துங்க. பாரை ப்ளூடூத்ல இணைச்சவங்க அதை விட்டுட்டுக் கேபிளுக்கு வாங்க, ப்ளூடூத்ல பிந்துறது சகஜம்.

இத்தனைக்கும் பிறகும் புரியலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டர். முதல்ல குறும்பி அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, சிலருக்கு விஷயம் அங்கேயே முடியலாம். அப்புறம் ஆடியோகிராம், அதாவது எந்த ஓசை எவ்வளவு கேக்குதுன்னு பார்க்கிற சோதனை. ரெண்டு காதும் ஒரே மாதிரி இல்லைன்னா நல்ல காது டிவி பக்கம் வர்ற மாதிரி சோபாவில் இடம் மாத்தி உக்கார வைங்க.

கண்ணாடிக்கடை:

இருட்டு என்ற புகாரில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன: படம், டிவி, கண்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். வயதாகும்போது பாவை (கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளை) சுருங்கும், லென்ஸ் மஞ்சளிக்கும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேரும். இளவயது ஒளிப்பதிவாளரும் இளவயது நிறத் திருத்துநரும் இருட்டறையில் உட்கார்ந்து அழகாக இருக்கிறது என்று முடிவு செய்த இரவுக் காட்சி, உங்கள் அப்பாவுக்கு வெறும் கறுப்பு. அவர் மிகைப்படுத்தவில்லை. கண்புரை தொடங்கியிருந்தால் இன்னொன்றும் சேரும்: எதிரே டியூப்லைட் எரிந்தால் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, டிவியின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். ஆகவே டிவிக்கு எதிர்ச்சுவர் விளக்கை அணையுங்கள், டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு எரியட்டும். முழு இருட்டும் வேண்டாம், நடுவில் எழுந்து போகும்போது காலில் ஏதாவது தட்டும்.

கண்ணாடி விஷயம் யாரும் கவனிக்காதது. இருவரும் ரெண்டு பவர் கண்ணாடியோ ப்ரோக்ரஸிவோ போட்டிருந்தால், கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. கூடுதல் பவர் 2.50 என்றால் அந்தப் பகுதி 40 சென்டிமீட்டரில்தான் தெளியும். சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தால் பார்வை அந்தக் கீழ்ப்பகுதி வழியே டிவிக்குப் போகும். படம் முழுக்க மங்கல், அதற்குப் பழி இயக்குநர் மேல். தலைக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து முகத்தை நேராக்குங்கள். டிவியை அடிக்கணக்கில் மேலே தூக்கி மாட்டியிருந்தாலும் இதே கதைதான். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்த கண்மட்டத்துக்கு வரவேண்டும். தொடர்ந்து டிவி பார்ப்பவர் என்றால் தூரப்பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி ஒன்று போட்டுவிடலாம், சாதாரண ஃப்ரேமில் செலவு பெரிதில்லை.

டிவியில்: முதலில் மின்சேமிப்பு, சுற்றுவெளிச்ச சென்சார் இரண்டையும் அணையுங்கள். ஹாலை இருட்டாக்கினதும் சென்சார் டிவியையும் மங்கலாக்கும். பெட்டியின் மேல் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் முறை) என்று எழுதியிருந்தாலும் விலை குறைந்த எல்இடிகளின் உச்ச வெளிச்சம் பெரும்பாலும் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில்தான். எச்டிஆர் படமோ அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்துக்குத் தயாரானது. டிவி உச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கும், நடுத்தர வெளிச்சம் அடிவாங்கும். அதனால் எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவுக்குள் போய்ப் பேக்லைட்டை முழுதாக வையுங்கள், டைனமிக் டோன் மேப்பிங் இருந்தால் போடுங்கள். சாதாரணப் படத்துக்கு வைத்த செட்டிங் எச்டிஆருக்குத் தானாக வராது, இரண்டையும் தனித்தனியே வைக்கவேண்டும். ப்ரைட்னஸ் என்று இருப்பதை மட்டும் கூட்டினால் பல டிவிகளில் கறுப்பு சாம்பலாகுமே தவிர முகம் தெளியாது.

"சீரியல் மாதிரி இருக்கு" என்று சொன்னால் அது மோஷன் ஸ்மூத்திங். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகச் சட்டகங்களைச் சொருகுகிறது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, பிக்சர் கிளாரிட்டி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அணையுங்கள். கேமரா நகரும்போது கண் உறுத்துகிறது என்றால் ஒன்று இரண்டு அளவில் விட்டுவைக்கலாம்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைப் பார்த்து "படம் பாதிதான் தெரியுது" என்று பலரும் ஜூம் அமுக்குகிறார்கள். 2.39 விகிதத்தில் (உயரத்தைப் போல அகலம் 2.39 மடங்கு) எடுத்த படம் 43 அங்குல டிவியில் 15.7 அங்குல உயரம்தான் வரும், டிவியின் உயரம் 21. ஜூம் செய்தால் அகலத்தில் நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும், ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார், அப்புறம் "யார் பேசுறா?" என்ற கேள்வி வரும். ஜூம் வேண்டாம், சோபாவை முன்னால் இழுங்கள். மேலே ஒலிப்பெட்டி சொன்ன அதே 7 அடி கண்ணுக்கும் சரி.

வடக்குவீதி:

ரெண்டு பேருக்கும் நன்றி. சப்டைட்டில் போட்டா என்ன? அம்மா தமிழ் வேகமா படிப்பாங்க, இங்கிலீஷ் தயங்கித் தயங்கித்தான்.

ஒலிப்பெட்டி:

தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து போட்டுத் தர்றது ஓடிடியில் இன்னும் அபூர்வம், பெரும்பாலும் இங்கிலீஷ்தான் இருக்கும். தயங்கிப் படிக்கிறவங்களுக்கு அது உதவியில்லை, கூடுதல் சுமை. கண் கீழயும் மேலயும் அலையும், முகபாவம் தப்பிடும். தமிழ் எழுத்து இருந்தா மட்டும் போடுங்க, எழுத்தளவைப் பெரிசாக்கி, எழுத்துக்குப் பின்னால கறுப்புப் பட்டை வைங்க. வெள்ளைச் சட்டை மேல வெள்ளை எழுத்து விழுந்தா யாருக்கும் தெரியாது.

மூணாவது மணி:

தியேட்டர் பக்கத்தை நான் சொல்றேன்.

டிக்கெட் போடும்போது கடைசி வரிசைக்குப் பாயாதீங்க. தலைக்குப் பின்னாலயே சரவுண்ட் ஸ்பீக்கர் இருக்கும், வசனத்தைவிட மழைச் சத்தம் பெரிசா கேக்கும். திரையில் இருந்து பின்சுவர் வரை மூணு பங்காப் பிரிச்சா ரெண்டு பங்கு தள்ளி, நடுவாக. ஒலியைச் சரிபார்க்கிறவங்க மைக் வைக்கிறது அந்தப் பகுதியில்தான். ஆனா பெரியவங்களுக்கு நடைபாதை ஓர சீட்டு வேணும், இடைவேளைக்கு முன்னாடி எழுந்தா பத்து முழங்காலைத் தாண்டிப் போக முடியாது. ரெண்டும் சேர்ந்து அமையற மாதிரி, நடுப் பகுதியோட ஓர சீட்டைப் பிடிங்க. எந்த வாசல் வழியா உள்ளே வருவோம், அங்கிருந்து எத்தனை படின்னு பார்த்துக்கோங்க. படம் ஆரம்பிக்க 15 நிமிஷம் முன்னாடி, விளக்கு எரியும்போதே உக்கார வச்சிடணும். இருட்டுக்குக் கண் பழக வயசானவங்களுக்கு நேரம் ஆகும், படி தடுக்குறது அந்த நேரத்துலதான். சால்வை எடுத்துட்டுப் போங்க.

சத்தம்: தியேட்டர்ல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவியில் 0 முதல் 10 வரை எண் இருக்கும். 7தான் தரநிலை. 4க்கு மேல ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 3.3 டெசிபல். 2024 நவம்பர்ல கங்குவா வந்தப்போ சத்தம் தாங்கலைன்னு ரசிகர்கள் சொல்ல, தயாரிப்பாளர் ஞானவேல் ராஜாவே ரெண்டு புள்ளி குறைக்கச் சொல்லிட்டோம்னு அறிவிச்சார். ரெண்டு புள்ளின்னா 6.6 டெசிபல், காதுக்கு நல்லாவே தெரியும். அதனால கேக்குறதுல தப்பில்லை, அது ஒரு குமிழைத் திருப்புற வேலை. முதல் பத்து நிமிஷத்துல போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க, இடைவேளை வரை பொறுத்துட்டுச் சொன்னா தலைவலி வந்த பிறகு மாத்திரை. பஞ்சு வைக்கிறதுல பயனில்லை. பஞ்சு உச்ச அலைவரிசையைத்தான் கொஞ்சம் வடிகட்டும், அதாவது ஏற்கெனவே குறைஞ்சிருக்கிற மெய்யெழுத்தை இன்னும் குறைக்கும். கச்சேரிக்காரங்க போடுற ஃபில்டர் வகைக் காதடைப்பான் எல்லா ஓசையையும் ஒரே சீராக் குறைக்கும், அதை வாங்குங்க.

அடுத்தது சான்றிதழ். 2024ல் வந்த விதிகள்படி யு/ஏ மூணாப் பிரிஞ்சிருக்கு: 7+, 13+, 16+. ஓடிடியில் 2021 விதிகள்படி தளமே அதே மாதிரிப் போட்டுக்குது, படம் ஆரம்பிக்கும்போது ஓரத்துல என்ன காரணம்னு எழுத்தும் வரும், அதைப் படிங்க. இங்கதான் எல்லாரும் தப்புக்கணக்கு போடுறாங்க. இந்த எழுத்தெல்லாம் குழந்தைங்களுக்காக. அப்பா அம்மாவோட உக்கார்ந்து பார்க்கத் தோதா இல்லையான்னு அது சொல்லாது. 2025 ஆகஸ்ட்ல வந்த கூலி படத்துக்கு ஏ கிடைச்சது வன்முறைக்காக. அதே நேரம் 13+ன்னு போட்ட படத்துலயே பத்து நிமிஷம் ரெட்டை அர்த்தம் ஓடலாம். அம்மாவுக்கு எது ஆகாதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்: ரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையறையா, குழந்தைக்கு ஏதாவது ஆகுறதா? ஐஎம்டிபிங்கிற சினிமாத் தகவல் தளத்துல பேரண்ட்ஸ் கைடுன்னு ஒரு பகுதி இருக்கு, காட்சி காட்சியா எழுதியிருப்பாங்க. கதை கொஞ்சம் உடையும், ஆனா உடையப் போறது உங்களுக்கு மட்டும்தான்.

தியேட்டர்ல அமைதியாக்கின வார்த்தை ஓடிடியில் முழுசா வரலாம், அதையும் கணக்குல வைங்க. நேரெதிரா, டிவி சேனல்ல ஏ படம் போட முடியாது, வெட்டி யு/ஏ வாங்கித்தான் ஆகணும். விளம்பரத்தைப் பொறுத்துக்கிட்டா சில படங்களுக்குச் சேனல் பிரதிதான் குடும்பத்துக்கு ஏத்தது.

பாட்டுப்புத்தகம்:

அபிப்பிராயம் வாங்குற விஷயத்துக்கு வர்றேன். இது தனிக் கலை.

நீளம்தான் பிரச்சினை என்று நம்பாதீர்கள். மூன்று மணி நேரப் படங்களை இரண்டாம் ஆட்டம் போய்ப் பார்த்த தலைமுறை அது. பழைய படத்தில் கதைக்கு நடுவே தனி நகைச்சுவைத் தடம் ஓடும், பாட்டு வரும். எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தாலும் கதை அங்கேயே நிற்கும். இப்போது அந்த இளைப்பாறல் இல்லை, ஐந்து நிமிடம் விட்டால் ஒரு கொலை போய்விடும். நீளம் புதியவர்களுக்கும் உறுத்தத்தான் செய்கிறது: 2024 செப்டம்பரில் வந்த மெய்யழகனை வெளியான சில நாளிலேயே 18 நிமிடம் குறைத்தார்கள். ஓடிடியில் பார்க்கும்போது இடைவேளை என்று எழுத்து வரும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். வராவிட்டால் 70, 75 நிமிடத்தில், ஒரு காட்சி முடிகிற இடமாகப் பார்த்து. பதினைந்து நிமிடம், காபி, பாத்ரூம்.

அந்த இடைவேளைதான் முக்கியம். "புரியுதா?" என்று கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி இருக்கும், புரியாவிட்டாலும் புரிகிறது என்பார்கள். "அந்த நீலச் சட்டைக்காரன் இவங்களுக்கு என்ன முறை வேணும்?" என்று உங்களுக்கே தெரியாத மாதிரி கேளுங்கள். உறவுமுறையை அம்மா தப்பாகச் சொன்னால், அங்கேதான் கதை நழுவியிருக்கிறது. இப்போதைய நடிகர்கள் பாதிப் பேர் தாடியும் கலைந்த முடியுமாக ஒரே ஜாடையில் இருக்கிறார்கள், முகத்தைப் பிரித்தறிவது நிஜமாகவே கஷ்டம். படம் தொடங்குமுன் மூன்று நான்கு முக்கியப் பாத்திரங்களை யார் நடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள், முன்பு எதில் வந்தவர் என்றும் சேர்த்து.

பழைய கொக்கி இருக்கிற படத்தை முதலில் போடுங்கள். 2025 ஜூலையில் வந்த 3 பிஎச்கேவில் சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மா. 1997இல் சூரியவம்சத்தின் ஜோடி. இதைச் சொல்லிவிட்டுப் போட்டால் அம்மா முதல் காட்சியிலேயே உள்ளே வந்துவிடுவார். லப்பர் பந்தில் (2024) விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் (1989) பாட்டு வந்து போகிறது. மஞ்ஞும்மல் பாய்ஸ் மலையாளம், ஆனால் அதன் உயிர்நாடி குணாவின் (1991) பாட்டு, இடம் கொடைக்கானல். பாட்டு தெரிந்தவருக்கு மொழி பாதித் தடை. டூரிஸ்ட் ஃபேமிலியின் (2025) ஈழத்துப் பேச்சு இளைஞர்களுக்குப் புதிதாக இருக்கலாம், இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ராகம் பழக்கம்.

முடிந்ததும் உடனே கேட்காதீர்கள். மறுநாள் காலை, காய் நறுக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, பக்கவாட்டாக. "நல்லாருந்துச்சா" வேண்டாம். "அந்தப் பையன் வீட்டை விட்டுப் போனது சரிதானா?" "அம்மாவா வந்தவங்க அந்த இடத்துல அப்படிப் பேசியிருக்கலாமா?" பெரியவர்கள் திரைக்கதையை விமர்சிக்க மாட்டார்கள், ஆட்களை விமர்சிப்பார்கள். அதுதான் அவர்களுடைய விமர்சன முறை. "அவ்வளவு கடன் வச்சுக்கிட்டு எவனாவது கார் வாங்குவானா?" என்று ஒரு வாக்கியம் வந்தால், பாத்திரப் படைப்பில் ஓட்டை என்று அர்த்தம்.

வழக்கமான சொற்களுக்கும் பொருள் உண்டு. "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றால் எடுத்த விதம் பிடித்தது, கதை பிடிக்கவில்லை. "பாட்டு பரவால்ல" என்றால் மற்றது பரவாயில்லை அல்ல. "ஒருதரம் பாக்கலாம்" என்பது உண்மையான பாராட்டு, முதல் வகுப்பு மார்க். "என்னத்த சொல்றது" என்றால் ஏதோ ஒரு காட்சி சங்கடப்படுத்தியிருக்கிறது, எது என்று துருவாதீர்கள். "அந்தக் காலத்துல இதையே" என்று ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகுதான் சரக்கு வரும்: எந்தப் பழைய படம், அதில் அந்தச் சூழலை எப்படிக் கையாண்டார்கள் என்று. தூங்கிவிட்டால் எந்த நிமிடத்தில் என்று குறித்து வையுங்கள். மூன்று படத்தில் ஒரே கட்டத்தில் தூங்கினால் அது படத்தின் குறை இல்லை, மாத்திரையின் வேலை. பார்க்கும் நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. காலம் முன்னும் பின்னும் போகிற படம் என்றால் தொடங்குமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: "இதில் பழைய காலமும் இப்பவும் கலந்து வரும், அவர் தலைமுடியைப் பார்த்துக்கோங்க" என்று.

மூணாவது மணி:

கடைசிப் பாயிண்டுல ஒத்துப்போக மாட்டேன். எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. மகாராஜாவை (2024, இன்னும் பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க) எடுத்துக்கோங்க. ரெண்டு கதையும் ஒரே நேரத்துல நடக்குதுன்னு நம்ம நம்புறதுதான் அந்தப் படத்தோட பொறி. காலம் கலந்து வரும்னு முன்கூட்டியே சொன்னா பொறியைக் கழட்டிக் கையில குடுத்த மாதிரி. இந்த வகைப் படத்துக்கு வேற வழி: சொல்லாதீங்க, ஆனா முடிஞ்சதும் பத்து நிமிஷம் பின்னாடி தள்ளி அந்த ஒரு காட்சியை மறுபடி போட்டுக் காட்டுங்க. அப்புறம் அதுல இருக்கிற பாலியல் வன்முறை, அதை முன்னாடியே சொல்லிடணும், அது வேற விஷயம்.

பாட்டுப்புத்தகம்:

சரி, அந்தப் படத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். முடிச்சே காலத்தில் இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. வெறும் அலங்காரத்துக்காக முன்பின்னாக வெட்டியிருந்தால் சொல்லிவிடலாம், அப்படித்தான் நிறைய இருக்கின்றன.

வடக்குவீதி:

சோபா, ஜமக்காளம், நைட் மோடு, தலையணை, இடைவேளை இதெல்லாம் இந்த வாரமே செய்யலாம். ஒண்ணுதான் முட்டுது: ஃபேனை மூணுல வச்சா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

ஒலிப்பெட்டி:

அப்போ சீலிங் ஃபேனை ஒண்ணுல விட்டு, ஒரு டேபிள் ஃபேனை அவங்களுக்குப் பக்கவாட்டுல, காலை நோக்கி, நாலடி தள்ளி வைங்க. காத்து படும், இரைச்சல் காதுக்கு நேரா வராது. ஆனா டிவிக்கும் அவங்களுக்கும் நடுவுல வச்சிடாதீங்க, இறக்கை சுத்துறதுல குரல் நடுங்கும். தலையை ஆட்டுற பொத்தானையும் அமுக்கி நிறுத்திடுங்க, போகும்போது ஒரு வசனம் வரும்போது ஒரு வசனம்னு அடிச்சிட்டுப் போயிடும்.